எடை, இடுப்பளவு, இதயம்: வடசென்னை முகாம்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு ஆகிய இடங்களில் நடக்கும் மருத்துவ முகாம்களில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் கொடுக்கிறேன். எடை பார்க்கும் மிஷினிலிருந்து இறங்கியதும் மக்கள் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. பின்னால் வரிசை காத்திருப்பதால் அங்கே பாதியில் விட்ட பதில்களை இங்கே முழுமையாக எழுதியிருக்கிறேன். கேள்விகளை மட்டும் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டேன். மாத்திரையைத் தொடங்குவதும் அளவை மாற்றுவதும் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரின் பொறுப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் ஹைட்டுக்கு எவ்ளோ வெயிட் இருக்கணும் சிஸ்டர்?

இதற்குப் பொதுவாகப் பயன்படும் கணக்கு பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீடு. கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் அந்த எண் கிடைக்கும். இந்தியர்களுக்கு 18.5 முதல் 22.9 வரை இயல்பு. 23 முதல் 24.9 வரை அதிக எடை. 25-ஐத் தொட்டால் உடல் பருமன். 160 செ.மீ. உயரம் உள்ளவருக்கு ஏறத்தாழ 47 முதல் 59 கிலோ வரை இயல்பு, 64 கிலோவிலிருந்து பருமன் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே என்ற கணித அறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராயும்போது கண்ட கணக்கு இது. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். தனி ஒருவரின் உடலில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பவற்றை இது சொல்லாது. அதனால்தான் இதோடு நிறுத்தாமல் இடுப்பையும் அளக்கச் சொல்கிறேன்.

வெளிநாட்டுல 25 வரைக்கும் நார்மல்னு போட்டிருக்கு. நமக்கு மட்டும் ஏன் 23?

ஒரே எடையில் நம் உடலில் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருப்பதே காரணம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் தம் படங்களை அருகருகே வைத்து 2004-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். இதை விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களைப் பொறுத்தவரை 23-லிருந்தே கவனம் தேவை என்று பரிந்துரைத்தது. நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைந்த எடையிலும் இளம் வயதிலும் வந்துவிடுகிறது. முதல் மாரடைப்பும் மற்ற நாட்டினரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது.

நான் ஒல்லியாதான் இருக்கேன். எனக்கு எப்படி சுகர் வந்துச்சு?

இந்தக் கேள்வியை நான் அதிகம் கேட்பது காசிமேட்டில்தான். கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும் ஆண்கள் எடை பார்த்துவிட்டு, 62 கிலோதானே என்று நிம்மதியாக இறங்குகிறார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை 240 இருக்கிறது.

உண்ட உணவில் மிஞ்சுவதை உடல் முதலில் தோலுக்கு அடியில் கொழுப்பாகச் சேமிக்கிறது. அந்தச் சேமிப்பிடம் எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. அது சீக்கிரமாக நிரம்பிவிடும் உடலில், மிச்சக் கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் கணையத்திலும் போய்ச் சேருகிறது. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு ஏறிய கல்லீரல் இன்சுலினின் கட்டளைக்கு அடங்காமல், நாம் பட்டினியாகத் தூங்கும் இரவிலும் சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். அதை ஈடுகட்ட, இன்சுலினைச் சுரக்கும் கணையம் கூடுதலாக உழைத்துக் களைத்துப்போகும் நிலையில் சர்க்கரை நோய் வெளியே தெரிகிறது. ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபேட்டி லிவர்’ என்று எழுதியிருந்தால், ஒல்லியானவராக இருந்தாலும் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

கொழுப்பு மட்டுமே காரணம் என்றும் நான் சொல்லவில்லை. பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருப்பது, இன்சுலின் சுரப்பு இயல்பிலேயே குறைவாக இருப்பது, கணையத்தில் வேறு நோய் இருப்பது ஆகியவையும் மெலிந்தவர்களுக்குச் சர்க்கரையைக் கொண்டுவரும். எந்த வகை என்று மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தொப்பையை எப்படி அளக்கிறது? பேண்ட் சைஸ் 34-தான், அது போதாதா?

போதாது. வயிறு பெருக்கப் பெருக்க ஆண்கள் பேண்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள். எனவே பத்து வருடமாக அதே 34 என்று சொல்பவரின் வயிறு 40 அங்குலம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெண்களுக்குப் பாவாடை நாடா கட்டும் இடமும் அப்படித்தான், ஆளுக்கு ஆள் மாறும்.

தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் போதும். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, துணிக்கு மேல் வைக்காமல் தோலோடு ஒட்டி, தரைக்கு இணையாக டேப்பைச் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் நேரத்தில் அளவைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் ஆண்களுக்கு 90 செ.மீ., அதாவது சுமார் 35½ அங்குலமும், பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது சுமார் 31½ அங்குலமும் எல்லை. எண் நினைவில் நிற்காதவர்கள், இடுப்பளவு தம் உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்னையைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் ஒன்று முன்னின்று நடத்தி 2023-இல் முடிவுகளை வெளியிட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப்’ (ICMR-INDIAB) ஆய்வின்படி, எடைக் கணக்கில் பருமனானவர்கள் நாட்டில் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். எடையை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால் எத்தனை பேரைத் தவறவிடுவோம் என்பது இந்த இரண்டு எண்களில் தெரியும்.

வெயிட்டுக்கும் ஹார்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? தொப்பையில இருக்கிற கொழுப்பு போய் அடைச்சுக்குதா?

வயிற்றுக் கொழுப்பு அப்படியே பெயர்ந்துபோய் இதயக் குழாயை அடைப்பதில்லை. அது இரத்தத்தின் தன்மையை மாற்றுகிறது. மேலே சொன்ன கொழுப்பேறிய கல்லீரல் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை அதிகமாக வெளிவிடுகிறது; எச்.டி.எல். எனப்படும் நல்ல கொழுப்பு குறைகிறது. கெட்ட கொழுப்பின் துகள்கள் சிறுத்து, குழாய்ச் சுவருக்குள் எளிதில் நுழைகின்றன. வயிற்றுக் கொழுப்பு சுரக்கும் பொருள்கள் உடலெங்கும் மெல்லிய அழற்சியை உண்டாக்குகின்றன. சிறுநீரகம் உப்பைத் தேக்கிவைப்பதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. இவ்வளவும் சேர்ந்து பல ஆண்டுகளில் குழாய்ச் சுவரில் படிவை வளர்க்கின்றன. அந்தப் படிவு ஒருநாள் வெடித்து அதன்மேல் இரத்தம் உறையும்போது மாரடைப்பு வருகிறது.

52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், பி.எம்.ஐ.-யைவிட இடுப்புக்கும் பிட்டத்துக்கும் உள்ள அளவு விகிதமே மாரடைப்பு ஆபத்தைத் தெளிவாகக் காட்டியது.

ரிப்போர்ட்ல கொலஸ்ட்ரால் 180, நார்மல்னு போட்டிருக்கு. அப்போ தொப்பை இருந்தா பரவாயில்லையா?

மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே தாளில் ட்ரைகிளிசரைடு 150-க்கு மேல் இருக்கிறதா, எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றோடு இடுப்பளவு, 130/85 அல்லது அதற்கு மேற்பட்ட இரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் 100 அல்லது அதற்கு மேற்பட்ட சர்க்கரை ஆகிய மூன்றையும் சேர்த்தால் ஐந்து அடையாளங்கள். ஐந்தில் மூன்று இருந்தால் அதை வளர்சிதை மாற்றக் கோளாறு என்று மருத்துவர்கள் சொல்வார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ‘கொஞ்சம்தான் அதிகம்’ என்று தோன்றும். ஒன்றாகச் சேரும்போதுதான் ஆபத்து பெருகுகிறது.

குண்டா இருந்தாலும் எனக்கு பிரஷர் இல்ல, சுகர் இல்ல. சும்மா எதுக்குப் பயமுறுத்துறீங்க?

உங்கள் எண்கள் நன்றாக இருப்பது உண்மையிலேயே நல்ல செய்தி. இடுப்புக்குக் கீழே, தொடையிலும் பிட்டத்திலும் கொழுப்பு சேரும் உடல்வாகு உள்ளவர்களுக்கு ஆபத்து குறைவு என்பதும் உண்மை. ஆனால் அந்த நல்ல நிலை பலருக்கு நிலைப்பதில்லை. பிரிட்டனில் சுமார் 35 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், பருமனாக இருந்தும் சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு மூன்றும் சரியாக இருந்தவர்களுக்குக்கூட, இயல்பான எடை உள்ளவர்களைவிட இதயக் குழாய் நோய் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வந்திருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் பரிசோதியுங்கள். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று எழுதல், பகலில் தாங்க முடியாத தூக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் இரத்த அழுத்தத்தை உயர்த்தும்.

நெஞ்சு வலின்னு போனாலும் முதல்ல வெயிட்டைத்தான் திட்டுறாங்க. அதனாலயே ஆஸ்பத்திரிக்குப் போகப் பிடிக்கல.

இதைச் சொன்ன பெண்கள் பலர். உங்கள் மனவருத்தம் நியாயமானது. திட்டு வாங்கி எவருக்கும் எடை குறைந்ததை நான் பார்த்ததில்லை. ஆனாலும் தயவுசெய்து போகாமல் இருந்துவிடாதீர்கள். நெஞ்சு வலிக்கு எடை எதுவாக இருந்தாலும் முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், அதைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், தாடையிலோ முதுகிலோ இறுக்கம், காரணமற்ற சோர்வு என்று மாரடைப்பு வருவதுண்டு. வாயுத் தொல்லை என்று நினைத்து சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இருபது கிலோ குறைக்கச் சொன்னாங்க. நினைச்சாலே மலைப்பா இருக்கு. எவ்ளோ குறைச்சா பலன் தெரியும்?

இருபது கிலோவை மறந்துவிட்டு நான்கைந்து கிலோவிலிருந்து தொடங்குங்கள். சர்க்கரை நோயின் வாசலில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைத்து வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வது குறிக்கோளாக வைக்கப்பட்டது. சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது 5.6 கிலோதான். இரத்த அழுத்தமும் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி என்ற அளவில் இறங்கும். எடை குறையும்போது கல்லீரலில் உள்ள கொழுப்பு முதலில் கரைவதால், கண்ணாடியில் மாற்றம் தெரிவதற்கு முன்பே இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே வந்த சர்க்கரையைப் பின்வாங்கச் செய்ய விரும்பினால் இன்னும் அதிகம் குறைக்க வேண்டும். பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களில் 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மாத்திரையின்றிச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அது மருத்துவக் கண்காணிப்பில் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டோடு நடந்தது. வீட்டில் தனியாக முயலக் கூடாது.

மூணு மாசமா நடக்குறேன், ஒரு கிலோகூடக் குறையல. நடந்து என்ன பிரயோஜனம்?

இதற்குப் பதில் நம் ஊரிலேயே கிடைத்திருக்கிறது. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினமும் அரைமணி நேரம் நடந்து, மாவுச்சத்தையும் எண்ணெயையும் குறைத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கே வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. வேலை செய்யும் தசை, இன்சுலின் இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். எடை மிஷினில் அது தெரியாது.

எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். மொட்டை மாடியிலும், தெருவுக்குள்ளும், ஒவ்வொரு வேளை சாப்பிட்ட பின் பத்துப் பத்து நிமிடமாகவும் நடந்தால் அதுவும் கணக்கில் சேரும். வாரம் இரண்டு நாள் மாடிப்படி ஏறுவது, நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது போன்று தசைக்கு வேலை கொடுப்பதும் தேவை.

சோத்தை விட்டுட்டு சப்பாத்தி சாப்பிட்டா போதுமா?

நான்கு சப்பாத்தியும் ஒரு தட்டுச் சோறும் சர்க்கரைக் கணக்கில் வெகு தூரத்தில் இல்லை. கேழ்வரகுக் கூழையும் சொம்பு சொம்பாகக் குடித்தால் இதேதான். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை போன்றவையும், மிச்சக் கால் பங்கு மட்டும் சோறும் என்று மாற்றுவதுதான் வேலை செய்கிறது. நம் பகுதியில் மீன் மலிவாகவும் புதிதாகவும் கிடைப்பது பெரிய பேறு. அதைப் பொரிக்காமல் குழம்பாக வைத்தால் இதயத்துக்கு அதுவே நல்ல உணவு. கருவாட்டையும் ஊறுகாயையும் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குறைக்க வேண்டும், ஏனெனில் ஒரு நாளைக்கு உப்பு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும்.

சோற்றைப் பற்றிக் கேட்பவர்கள் டீயைப் பற்றிக் கேட்பதில்லை. துறைமுகத்திலும் பட்டறையிலும் வேலை செய்பவர்கள் நாளைக்கு ஆறு டீ குடிக்கிறார்கள். கிளாஸுக்கு இரண்டு கரண்டி என்றாலும் 50 கிராம் சர்க்கரை. கூடவே பன்னும் பஜ்ஜியும். மாலையில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்கள் அதை எப்போதாவது என்று வைத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டைக் கூடுதலாகச் சேர்க்காமல் இருந்தாலே மாற்றம் தெரியும்.

எனக்கு தைராய்டு. என்ன செஞ்சாலும் வெயிட் குறையாதுன்னு சொல்றாங்க.

தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் நீரும் உப்பும் கணிசமான பங்கு. மாத்திரை சரியான அளவில் இருந்து, தைராய்டு பரிசோதனையில் பார்க்கும் டி.எஸ்.எச். என்ற அளவு இயல்புக்கு வந்துவிட்டால், மேலே சொன்னவை உங்களுக்கும் பலன் தரும்.

பிரசவத்தப்போ சுகர் இருந்துச்சு, குழந்தை பிறந்ததும் போயிடுச்சு. இப்ப எதுக்கு டெஸ்ட்டு?

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராத பெண்ணைவிட ஏழு மடங்கு அல்லது அதற்கும் மேல். பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை சாதாரணப் பரிசோதனையும் தேவை. குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தவறாமல் வரும் தாய்மார்கள் தம் பரிசோதனையை மட்டும் விட்டுவிடுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. அந்தக் காலத்தில் ஏறிய எடையில் நான்கைந்து கிலோ குறைந்தாலும் பெரும் பாதுகாப்பு.

சிகரெட்டை விட்டா வெயிட் போடுமாமே?

சராசரியாக நான்கைந்து கிலோ ஏறலாம். அப்படி ஏறினாலும், விட்டதால் இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை அதைவிட மிகப் பெரியது. விடுங்கள்.

ஒண்ணுமே செய்யாம எட்டு கிலோ குறைஞ்சுடுச்சு. நல்லதுதானே?

நல்லதில்லை. முயற்சியின்றி ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை, காசநோய், அதிகமாகச் சுரக்கும் தைராய்டு, புற்றுநோய் ஆகியவை இப்படித் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால், அது நீர் தேங்குவதன் அறிகுறி. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊசி போட்டா பத்து பதினஞ்சு கிலோ குறையுதாமே, நிஜமா?

செமாக்ளுடைடு, டிர்செபடைடு போன்ற மருந்துகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். பசியைக் குறைத்து அந்த அளவுக்கு எடையைக் குறைப்பது உண்மை. இதய நோய் இருந்து, அதிக எடையும் இருந்து, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான செலக்ட் ஆய்வில், செமாக்ளுடைடு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றைச் சேர்த்து 20 சதவீதம் குறைத்தது. ஆனால் நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வருகிறது. கொழுப்போடு தசையும் கரைகிறது. குமட்டலும் வாந்தியும் பலருக்கு வருகின்றன. விலையும் பெரிது. தெரிந்தவர் வாங்கித் தருகிறார் என்று மருத்துவச் சீட்டு இல்லாமல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வெயிட் குறைச்சுட்டேன். கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளிடம் ஏறத்தாழ பத்தாண்டுகள் நடந்த லுக் அஹெட் ஆய்வில், உணவாலும் உடற்பயிற்சியாலும் எடை குறைத்தவர்களுக்குச் சர்க்கரை, தூக்கம், நடமாட்டம் எல்லாம் மேம்பட்டன. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. எடையைக் குறைப்பது மாத்திரையின் வேலையை முழுவதும் செய்துவிடாது. கெட்ட கொழுப்பைப் பெரிதும் தீர்மானிப்பது கல்லீரலும் பரம்பரையும். மெலிந்தவர்களுக்கும் அது உயர்ந்திருக்கலாம். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எடை இறங்கும்போது குறைக்க வேண்டிவரலாம், இல்லாவிட்டால் தாழ்நிலைச் சர்க்கரையும் மயக்கமும் வரும். ஆகவே எடை குறையத் தொடங்கியதும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கப்பாவுக்கு 74 வயசு, அட்டாக் வந்தவரு. வெயிட் குறைக்க வேணாம்னு டாக்டர் சொல்றாரு. நீங்க எல்லாரையும் குறைக்கச் சொல்றீங்களே?

உங்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். வயதானவர்களிடமும் இதய நோய் முற்றியவர்களிடமும், சற்று எடை கூடியவர்கள் மெலிந்தவர்களைவிட நீண்ட நாள் வாழ்வதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மெலிந்தவர்களில் பலர் நோயினால் மெலிந்தவர்கள் என்பது அதற்கு ஒரு காரணம். நோயைத் தாங்க உடலில் தசை இருப்பு வேண்டும் என்பது இன்னொன்று. அந்த வயதில் பட்டினி போட்டு எடையைக் குறைத்தால் தசையும் சேர்ந்து போகும், அதன் பின் விழுவதும் எலும்பு முறிவதும் தொடரும்.

அவரைப் பற்றி நான் கேட்பது வேறு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறாரா, தெருமுனை வரை மூச்சு வாங்காமல் போய் வருகிறாரா, வேளைக்கு ஒரு முட்டையோ மீனோ பருப்போ தட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் எவ்வளவு புரதம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் நீங்கள் நடக்கப் போகும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.